எத்ருஸ்கர் நிலங்களில் எஞ்சிய எழுத்து



இத்தாலி நாட்டின் பொலோஞா நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு பெருங்கண்காட்சி தொடங்கப்பெற்றது. ‘எத்ருஸ்கர்: ரஸ்னா நாடுகளில் ஒரு பயணம்’ என்பது அதன் பெயர். அறுபது அளவிலான நிறுவனங்களிலிருந்து ஏறத்தாழ 1400 பொருள்கள் அங்கே கொணரப்பெற்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கதவடைக்கப்பெற்றுப் பின்னர் மீண்டும் திறக்கப்பட்ட அக்கண்காட்சியின் சிறப்பு, கால வரிசையோடு நின்றுவிடாமல் நிலங்களின் வழியே காண்போரை அழைத்துச் சென்றமையாகும்.

‘எத்ருஸ்கர்’ என்பது உரோமர் வழங்கிய பெயர்; கிரேக்கரோ ‘திர்ரேனர்’ என்றனர். அம்மக்கள் தம்மை ‘ரஸ்னா’ என்றே அழைத்துக்கொண்டனர். பிறர் இட்ட பெயர்கள் தஸ்கனி மாநிலத்திலும் திர்ரேனியக் கடலிலும் இன்றும் வழங்குகின்றன. தாமே இட்டுக்கொண்ட பெயர் ஆய்வாளர் நூல்களில் மட்டும் உள்ளது.

அவர்தம் நாடு ஒரு தலைநகரின் கீழ் அமைந்த பேரரசு அன்று. ஆர்னோ, தைபர் ஆறுகளுக்கு இடைப்பட்ட தாயகமும், வடக்கே போ ஆற்றுச் சமவெளியும், தெற்கே கம்பானியாவும் எனப் பரந்து கிடந்த தனித்தனி நகரங்களின் தொகுதி அது. நிலம் வேறுபட வாழ்வும் வேறுபடும் என்பது திணைக் கொள்கை அறிந்த அவையினர்க்குப் புதிதன்று. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்கல் கிடைத்த செர்வேத்தேரியில் கல்லைக் குடைந்து, கூரையும் தூணும் கட்டிலும் கொண்ட வீடுகளாகவே கல்லறைகளைச் செதுக்கினர். கடற்கரை நகரமான பொப்புலோனியாவில் எல்பாத் தீவின் இரும்புத் தாதுவை உருக்கினர். அங்குக் குவிந்த கசடு பழைய கல்லறைகளையே மூடிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அக்கசட்டிலிருந்து மீண்டும் இரும்பெடுக்க முற்பட்டபோதுதான் கல்லறைகள் வெளிப்பட்டன! அத்ரியாட்டிக் கடலோரச் சதுப்பில் ஸ்பினா என்னும் துறைமுகம் இருந்தது. 1922 முதல் கொமாக்கியோ நீர்நிலையை வடித்த பணியினிடையே அதன் கல்லறைகள் தென்படலாயின. இதுகாறும் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை அகழப்பட்டுள்ளன. ஏதென்சிலிருந்து வந்த ஓவியக் கலங்கள் அவற்றில் மிகுதி. கண்காட்சி நடந்த பொலோஞாவும் ஒரு காலத்தில் ‘ஃபெல்சினா’ என்னும் எத்ருஸ்க நகரமே.

கல்லும் இரும்பும் கலமும் இவ்வளவு எஞ்சியிருக்க, சொல் எவ்வளவு எஞ்சியது என்பதே இலக்கிய அன்பர் வினவ வேண்டிய வினா.

எத்ருஸ்க எழுத்தைப் படிக்க இயலாது என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. அது பிழை. கிரேக்க எழுத்திலிருந்து பிறந்த அவ்வரிவடிவத்தைத் தடையின்றி ஒலித்துவிடலாம், விளங்காதது மொழி. சூழ்ந்திருந்த இத்தாலிய மொழிகளோடு அதற்கு உறவில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளும் பொறிப்புகளும் கிடைத்துள்ளன எனினும், பெரும்பாலானவை ஓரிரு வரிகளே. இன்னாரின் மகன், இத்தனை ஆண்டு வாழ்ந்தான் என்பதற்கு மேல் அவை செல்வதில்லை. ‘கிளன்’ என்றால் மகன்; ‘பூயா’ என்றால் மனைவி; ‘அவில்’ என்றால் ஆண்டு. தந்தையை ‘அபா’ என்றனர் என்றவுடன் தமிழ்நெஞ்சம் துள்ளுவது இயல்பே. ஆயின் குழந்தை வாயில் முதலில் எழும் இத்தகைய ஒலிகள் உறவற்ற பல மொழிகளிலும் உள்ளவை. ஒன்று, இரண்டு, மூன்று என்பவற்றை ‘து, ஸல், கி’ என்று எண்ணிய மொழியை அச்சொல் ஒன்றைக்கொண்டு தமிழோடு பிணைப்பது ஆய்வாகாது.

அச்சிறு பொறிப்புகளிலும் ஒரு நயம் உண்டு. பொருள்களே தன்மையிடத்தில் பேசுகின்றன. ‘மி’ என்பது நான். கிண்ணம் ஒன்று, ‘நான் இன்னாருடையது’ என்கிறது. பிறிதொன்று, ‘என்னை இன்னார் கொடையளித்தார்’ என்கிறது. பெண்டிர் தமக்கே உரிய பெயரோடு பொறிக்கப்பெற்றிருப்பதும் நோக்கத்தக்கது. உரோமப் பெண்ணோ பெரும்பாலும் குலப்பெயராலேயே அறியப்பட்டாள்.

சற்றே நீண்ட எழுத்துகள் ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு பொருளில் எஞ்சின. செர்வேத்தேரியின் துறைமுகமான பீர்கியில் 1964ஆம் ஆண்டு மூன்று பொற்றகடுகள் கிடைத்தன. இரண்டு எத்ருஸ்கம், ஒன்று ஃபினீசியம். தெஃபாரியே வெலியானாஸ் என்னும் ஆட்சியாளன் பெண்தெய்வம் ஒன்றுக்கு அளித்த காணிக்கையை அவை கூறுகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு அன்று. ஆதலின் மொழிப்பூட்டு முழுதும் திறக்கவில்லை. கம்பானியாவின் கப்புவாவில் கிடைத்தது சடங்கு நாட்களைக் குறித்த சுட்ட களிமண் ஓடு. பெரூஜாவில், இரு குடும்பங்களின் நிலம் பற்றிய உடன்பாடு எனக் கருதப்படும் கல். பியாசென்சா அருகே 1877இல் உழவர் ஒருவர் கண்டெடுத்ததோ, ஆட்டு ஈரல் வடிவில் வார்த்த வெண்கலம். தெய்வப் பெயர்கள் கட்டம் கட்டமாகப் பொறித்த குறிபார்ப்போர் கருவி.

இவை அனைத்தினும் நீண்டது இத்தாலியில் கிடைக்கவில்லை. குரோவாசியரான மிஹாய்லோ பாரிச் 1848இல் எகிப்தில் பதப்படுத்தப்பட்ட பெண்ணுடல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அவர் மறைவுக்குப்பின் அது ஸாக்ரெப் அருங்காட்சியகத்தை அடைந்தது. உடலைச் சுற்றியிருந்த துணிக்கீற்றுகளில் எழுத்து இருந்தது. அது எத்ருஸ்கமே என்று யாக்கோப் கிரால் உலகுக்கு அறிவித்தது 1892இல். சடங்கு நாட்காட்டியான ஒரு துணிநூலைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் பிணத்துக்குச் சுற்றியிருக்கின்றனர்! படிக்கக்கூடிய சொற்கள் ஏறத்தாழ 1200. எகிப்தின் வறண்ட காற்றும் பதப்படுத்தியோர் கைவினையுமே அதனைக் காத்தன. அதன் பொருளறிந்தோர் காத்திலர்.

எத்ருஸ்க நூல்களை எவரும் திட்டமிட்டு எரித்ததாகச் செய்தியில்லை. நகரங்கள் ஒவ்வொன்றாக உரோமுக்கு அடங்கின, வேயி கி.மு. 396இல் வீழ்ந்தது. கி.மு. 90ஐ ஒட்டி உரோமக் குடியுரிமை வந்தது. மக்கள் இலத்தீனுக்கு மாறினர். துணியிலும் தோலிலும் எழுதியவை மட்கும். மட்குமுன் படியெடுக்க மொழியறிந்த ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் இல்லாத தலைமுறை வந்தது. அவ்வளவே. கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசன் கிளாடியஸ் எத்ருஸ்கர் வரலாற்றை இருபது நூல்களாக எழுதினான். அதனையும் கிரேக்கத்திலேயே எழுதினான், அதுவும் கிடைக்கவில்லை.

கவிஞர் அவையில் சொல்லவேண்டிய பெயர் ஒன்று உண்டு. எத்ருஸ்க மொழியில் துன்பியல் நாடகங்கள் எழுதியவன் வோல்னியஸ். உரோம அறிஞன் வார்ரோ தன் இலத்தீன் மொழிநூலில் ஒரே ஓரிடத்தில் அவனைச் சுட்டுகிறான். அதுவும் அவன் கவித்திறம் பேசுதற்கு அன்று. பழைய உரோமக் குலப்பிரிவுகளின் பெயர்கள் எத்ருஸ்கச் சொற்கள் என்று வோல்னியஸ் கூறியதைச் சான்று காட்டுதற்கே. நாடகங்களின் தலைப்பும் அங்கு இல்லை.