பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

(திருத்தூதர் புனித யாக்கோபு விழாவன்று வானொலியில் ஆற்றிய மறையுரை. நற்செய்தி வாசகம்: மத்தேயு 20:20-28)



ஜூலை 25, திருத்தூதர் யாக்கோபின் விழா. இன்றைய நற்செய்தியில் ஒரு தாயைச் சந்திக்கிறோம். யாக்கோபையும் யோவானையும் பெற்றவர், மீனவரான செபதேயுவின் மனைவி. தம் மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்து இயேசுவின் முன் பணிந்து நிற்கிறார். இயேசு அரசாளும்போது ஒரு மகன் அவரது வலப்பக்கத்திலும் மற்றவன் இடப்பக்கத்திலும் அமர வேண்டும் என்று கேட்கிறார்.

இந்தத் தாயை நமக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு இல்லத்து வாசலில் நிற்பவர் இவர்தான். "சாமி, ஒரு கடுதாசி குடுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல எடம் கெடைச்சிட்டா எம்புள்ள பொழைச்சுக்குவான்" என்று கேட்பவரும் இவர்தான்.

இயேசு அந்தத் தாயின் மேல் கோபப்படவில்லை. பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது பாவமும் இல்லை. ஆனால் என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்கிறீர்கள் என்பதை உணர்த்திவிட்டு, தாம் குடிக்கப்போகும் துன்பக் கிண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். இடம் கேட்டு வந்தவர்களிடம் தொண்டைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, தனியாரிலா அரசிலா என்று கலங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த நற்செய்தியில் ஒரு வார்த்தை இருக்கிறது.

நம் டெல்டாவில் ஜூன் மாதம் பிறந்தால் இரண்டு செலவுகள் ஒன்றாக வந்து நிற்கும். மேட்டூர் அணை திறந்தால் குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலி, உரம். அதே மாதத்தில் பள்ளி திறப்பு. முதல் பருவக் கட்டணம், வேன் கட்டணம், சீருடை, ஷூ, நோட்டுப் புத்தகம். வீட்டில் இருப்பதோ ஒரே சங்கிலி. கூட்டுறவுச் சங்கத்தில் வயலுக்காக வைத்த சங்கிலி திரும்புவதற்குள் பள்ளிக்காகத் தோடும் போய்விடுகிறது. நிலமில்லாத குடும்பத்தில் குழுக் கடன். அதற்கு வாரத் தவணை. இவ்வளவையும் சுமக்கும் பெற்றோரைப் பகட்டுக்காரர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வராது. தம் பிள்ளையாவது சேற்றில் இறங்காமல் பிழைக்கட்டும் என்றுதான் சுமக்கிறார்கள்.

ஆனாலும் நிதானமாக யோசிப்போம். அரசுப் பள்ளியில் பாடநூல், சீருடை, பேருந்துப் பயணம், மதிய உணவு எல்லாம் இலவசம். தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 அன்று அந்தத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவானபோது, தொடங்கி வைக்கப்பட்டது நம் டெல்டாவின் திருக்குவளையில்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 இல் வந்தது. 2021 இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் பையன்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் சேர்த்தால் எதிர்காலமே போச்சு என்ற பேச்சு இன்று உண்மையில்லை.

அதே நேரம், குறைகளையும் மறைக்கக் கூடாது. பல சிற்றூர்களில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், அன்றைக்கு எல்லா வகுப்பும் ஒருவர் கையில். தனியார் பள்ளிகளிலும் உண்மையாக உழைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குறைந்த சம்பளம் தாங்காமல் ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர் மாறிப் போகும் பள்ளிகளும் இருக்கின்றன. பிள்ளை ஆங்கிலப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. பொருள் கேட்டால் விழிக்கிறது. ஆகவே வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து எந்தப் பள்ளியையும் எடை போட முடியாது.

இதை நமக்குச் சொல்ல வேறு யாரும் வரவேண்டியதில்லை, கும்பகோணம் சொல்லும். 2004 ஜூலை 16. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையற்கூடத்தில் பிடித்த தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளியை நம்பி அனுப்பிய அந்தப் பெற்றோரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பிள்ளைகளைச் சேர்க்கும் நாம், கூரை எப்படி இருக்கிறது, படிக்கட்டு எத்தனை, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பார்க்காமல் சேர்ப்பது சரியில்லை. இதே மாதம் 16 ஆம் நாள் அந்தக் குழந்தைகளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவர்களை நினைப்பது என்றால் இந்தக் கேள்விகளைக் கேட்பதும்தான்.

அடுத்து, வீட்டுக்குள் நடக்கும் ஒன்றைப் பேசியாக வேண்டும். காலையில் தம்பிக்கு வாசலில் வேன் வந்து நிற்கிறது. அக்கா அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறாள். இரண்டு பிள்ளைகளும் நமக்கு ஒன்றுதான் என்று சொல்வோம். கட்டண ரசீது வேறு கதை சொல்லும். அவள் அரசுப் பள்ளியில் படிப்பதில் ஒரு குறையும் இல்லை. மகனுக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிய இடம் மகளுக்குப் போதும் என்று முடிவு செய்தோமே, அதுதான் அநீதி. இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று நாம் சொல்வது அவள் காதிலும் விழுகிறது. செபதேயுவின் மனைவிகூட ஒரு பிள்ளைக்கு மட்டும் இடம் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கேட்டார்.

அந்தத் தாய் கேட்டதும் மற்றப் பத்துச் சீடர்களும் கோபம் கொண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். நம் ஊரில் அந்தப் பத்துப் பேர் யார்? கடைக்காரர், சம்பளக்காரர், நிலபுலன் உள்ளவர் எல்லாரும் தத்தம் பிள்ளைகளை வேனில் ஏற்றி அனுப்பிவிட்ட பிறகு, ஊர்ப் பள்ளியில் மிஞ்சுகிறவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்று மனு எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் தெரிந்தவர்கள் அந்தப் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு யார் போய்க் கேட்பது? நம் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அது நம் ஊர்ப் பள்ளி. அங்கே படிப்பவர்களும் இறைவனின் பிள்ளைகள்.

இந்தக் கேள்வி திருச்சபை நடத்தும் பள்ளிகளுக்கும் உண்டு. கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று கற்பிக்கிறது. ஏழைகளுக்கும் அன்பற்றுத் தவிப்பவர்களுக்கும் திருச்சபை தன் பள்ளிகள் வழியாகச் சிறப்பாக உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறது. நம் பள்ளிகளின் சேர்க்கைப் பட்டியலை அந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

சரி, வெற்றி என்றால் என்ன? 1925 இல் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அங்குள்ள நம் கத்தோலிக்கப் பள்ளியான லிட்டில் பிளவரில் படித்தவர். தந்தை மருத்துவர். மகனும் மருத்துவராவார் என்பது வீட்டாரின் எதிர்பார்ப்பு. 1943 இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, மக்களின் பசிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வேளாண்மை படிக்கப் போனார். பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சியின் பயனை நெல் விளைவிக்கும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அவரைப் பெரியவராக்கியது கிடைத்த இருக்கை மட்டுமல்ல, பிறருடைய பசியை அவர் தம்முடையதாக எண்ணியதும்தான். உங்களுள் பெரியவராக விரும்புகிறவர் தொண்டராகட்டும் என்று ஆண்டவர் சொன்னதன் பொருள் இதுவே.

பிரியமானவர்களே, இன்று வீட்டுக்கு மூன்று காரியங்களை எடுத்துச் செல்வோம்.

முதலாவது, சேர்ப்பதற்கு முன் பள்ளிக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தமிழில் பத்து வரி வாசிக்கச் சொல்வோம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009 இல் சட்டம் வந்திருக்கிறது. குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேட்பது நம் உரிமை. வயலையும் வீட்டு நிம்மதியையும் அழித்துத்தான் கட்ட முடியும் என்றால், அந்தக் கட்டணம் பிள்ளைக்கும் நன்மை செய்யாது. அப்பாவும் அம்மாவும் கடனுக்காகச் சண்டையிடும் வீட்டில் எந்தப் பிள்ளை படிக்கும்?

இரண்டாவது, மகனுக்கும் மகளுக்கும் ஒரே நியாயம் வைப்போம்.

மூன்றாவது, சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று இருக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கூட்டங்களுக்குப் போவோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பள்ளியைப் பற்றிப் பேசுவோம். கல்லூரி முடித்த நம் இளையோர் வாரத்துக்கு இரண்டு மாலை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தால், கோயில் மண்டபம் திறந்தே இருக்கும். இரவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம். எழுத்து தெரியாத தாயும் உட்காரலாம்; இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கலாம்.

செபதேயுவின் மனைவியை மத்தேயு இன்னோர் இடத்திலும் காட்டுகிறார். இயேசு சிலுவையில் தொங்கியபோது தூரத்தில் நின்று பார்த்த பெண்களுள் இவரும் ஒருவர். அன்று இயேசுவின் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் கள்வர்கள் தொங்கினார்கள். தாம் முன்பு கேட்டது என்னவென்று அவருக்கு அங்கே புரிந்திருக்கும். ஆனாலும் அவர் ஓடிப்போகவில்லை, நின்றார். பின்னாளில் அவர் மகன் யாக்கோபு ஏரோதின் வாளால் வெட்டுண்டு, திருத்தூதர்களுள் முதலாவதாக உயிர் கொடுத்தார். இடம் கேட்டு வந்த தாய், கடைசிவரை நிற்கக் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போனாலும் நம்மிடம் எதிர்பார்ப்பது இப்படி உடன் நிற்பதைத்தான்.

ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். கும்பகோணத்துக் குழந்தைகளுக்கு உம் நித்திய ஒளியைத் தாரும். அவர்களைப் பெற்றவர்களைத் தேற்றும். கடன் சுமையோடு கலங்கும் பெற்றோருக்குத் தெளிவைத் தாரும். எங்கள் பிள்ளைகள் படித்து உயரவும், உயர்ந்து தொண்டு செய்யவும் அருள்தாரும். ஆமென்.