சிறிய மருந்துக் கடையும் பெரிய போட்டியும்

(இளையோர் தொழில் வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் அறநூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டினர். சமணச் சான்றோராகிய காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் பெயரிட்டனர். ஐந்து வேர்கள் சேர்ந்தது முன்னது. ஏலம் முதலிய ஆறு பொருள்கள் சேர்ந்தது பின்னது. உடலுக்கு மருந்து செய்வதை உயிருக்கு அறம் சொல்வதற்கு இணையாக வைத்த மரபு நம்முடையது. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று. எனினும் இன்று நான் பேச வந்தது தானத்தைப் பற்றி அன்று. மருந்தை விலைக்கு விற்று நேர்மையாகக் குடும்பம் நடத்துவதைப் பற்றி. கள்ளக்குறிச்சியில் பல ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் என்னும் உரிமையில் சிலவற்றைக் கூறுகிறேன்.

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் உழவர்கள். அவர்தம் பிள்ளைகளுள் பலர் இன்று இரண்டாண்டு டிப்ளமோ முடித்தோ, பட்டம் பெற்றோ, தமிழ்நாடு மருந்தியல் குழுமத்தில் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்கின்றனர். அவர்கள்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சொந்தக் கடை. மற்றொன்று, சான்றிதழைப் பிறர் கடையின் சுவரில் மாட்டிவிட்டு, மாதந்தோறும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பது. இரண்டாவது வழி எளிதாகத் தோன்றும். அது ஏன் கூடாது என்பதை இறுதியில் சொல்கிறேன். முதலில் கடையைப் பார்ப்போம்.

கடை தொடங்க வேண்டியவை

1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் இத்தொழிலுக்கு அடிப்படை. சில்லறை விற்பனைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்புள்ள அறை வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும். குளிர்பதனப் பெட்டி வேண்டும். வாடகை ஒப்பந்தம், கடையின் வரைபடம், மருந்தாளுநரின் சான்றுகள் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால், மருந்து ஆய்வாளர் நேரில் பார்த்த பின்னர் படிவம் 20, படிவம் 21 என இரண்டு உரிமங்கள் வழங்கப்படும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தினால் உரிமம் தொடரும்.

உரிமக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். முதல் முழுவதும் அலமாரியில்தான் அடங்கும். முன்பணம், மரவேலை, கணினி, குளிர்பதனப் பெட்டி இவற்றுக்கே முதலைச் செலவிட்டுவிட்டு அலமாரியைக் கடனில் நிரப்புவோர் பலர். வருகிறவர் கேட்கும் மருந்து முதல் மாதத்தில் மூன்று முறை இல்லை என்றால், நான்காம் முறை அவர் வரமாட்டார். ஆதலின் அழகுக்குக் குறைத்து, சரக்குக்கு ஒதுக்குங்கள்.

எங்கே கடை வைப்பது? நம் மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவாயிற்று. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவ்வளர்ச்சியைக் கண்டு மருத்துவமனை வாயிலிலேயே கடை தேடி ஓடுவோர் மிகுதி. அங்கே வாடகையும் மிகுதி, போட்டியும் மிகுதி. மேலும், அரசு மருத்துவமனைக்கு வருவோருக்கு மருந்து உள்ளேயே விலையின்றிக் கிடைக்கிறது. அந்தக் கூட்டத்தை நம் கூட்டமாக எண்ணுதல் கூடாது. வீடுகள் நிறைந்த தெருமுனையோ, கல்வராயன்மலைப் பேருந்துகள் கடந்து செல்லும் கச்சிராயபாளையம் போன்ற அடிவார ஊரோ சிறு முதலுக்கு ஏற்றது. வெள்ளிமலையிலிருந்தும் அதற்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்தும் இறங்கி வருவோருக்கு நம்பகமான ஒரு கடை தேவை.

தள்ளுபடிக் கணக்கு

போட்டி எத்தனை வடிவில் உள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். தொடர் நிறுவனங்களின் கிளைகள், கைப்பேசியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வரும் மருந்து, மக்கள் மருந்தகங்கள், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் இடங்களில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்கள் என அது நீள்கிறது. இவற்றைக் கண்டு அஞ்சிய சிறு கடைக்காரர் முதலில் செய்வது, 'அனைத்து மருந்துகளுக்கும் பத்து சதவீதத் தள்ளுபடி' என்று பலகை வைப்பது. அப்பலகையின் விலை என்ன என்று கணக்கிடுவோம்.

2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, பட்டியலிட்ட மருந்துகளுக்கு உச்சவிலை கணக்கிடும்போது சில்லறை வணிகருக்கு 16 சதவீதம் சேர்க்கப்படுகிறது. அதாவது நூறு ரூபாய்க்கு வாங்கியதை வரி நீங்கலாக 116 ரூபாய்க்கு விற்கலாம். பட்டியலில் வராத மருந்துகளில் வணிக வழக்கப்படி விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். இரண்டும் கலந்து, விற்பனையில் 16 சதவீதம் நமக்கு நிற்கிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம்.

நாளொன்றுக்கு 8,000 ரூபாய் விற்பனை என்றால் மாதத்துக்கு 2,40,000. அதில் நமக்கு 38,400. வாடகை 8,000, உதவியாளர் சம்பளம் 10,000, மின்சாரம் முதலியன 3,000, ஐந்து லட்சம் கடனுக்கு வட்டி 5,000, ஆகச் செலவு 26,000. மீதி 12,400. இப்போது பத்து சதவீதத் தள்ளுபடிப் பலகையை வையுங்கள். 24,000 ரூபாய் கைவிட்டுப் போகும். மாதந்தோறும் 11,600 ரூபாய் நட்டம். தள்ளுபடியால் கூட்டம் இருமடங்காகும் என்பீர்கள். ஆகட்டும், 4,80,000 ரூபாய்க்குச் சரக்கு நகர்ந்தால் ஆறு சதவீதமாக 28,800 கிடைக்கும், செலவு போக 2,800 மிஞ்சும். உழைப்பு இரட்டித்தது, வருவாயோ கால்பங்குக்கும் கீழே இறங்கிற்று. பெரிய நிறுவனம் மொத்தமாகக் குறைந்த விலையில் வாங்குகிறது. பல ஆண்டு நட்டத்தைத் தாங்குகிறது. அதன் ஆயுதத்தைக் கையில் எடுத்து அதனோடு பொருதல் நமக்கு ஆகாது.

தள்ளுபடி தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள்தோறும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்கும் முதியவருக்கு மூன்று, நான்கு சதவீதம் குறைத்துக் கொடுங்கள். அது கணக்கில் அடங்கும்.

சரக்கும் சீட்டும்

போட்டியில் நாம் இழக்கும் பணத்தைவிட, அலமாரியில் சத்தமின்றி இழக்கும் பணம் அதிகம். காலாவதியே சிறு கடையின் பெரும்பகை. 'பத்து வாங்கினால் இரண்டு இலவசம்' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது, மாதம் எத்தனை விற்கிறது என்று கணினியைப் பாருங்கள். மாதம் ஒன்று விற்கும் மருந்தில் அந்த இலவசம் இலவசம் ஆகாது. முன்னே காலாவதியாவது முன்னே நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்பே தனியே பிரித்து ஸ்டாக்கிஸ்டிடம் திருப்புங்கள். காலம் கடந்ததை 'விற்பனைக்கு அன்று' என்று எழுதித் தனிப்பெட்டியில் வையுங்கள்.

அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை கேட்பார் ஏழை உழவர். கொடுங்கள். ஆனால் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட முனையை விட்டு, மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். எஞ்சிய துண்டு எது, எப்போது கெடும் என்பது அப்போதுதான் தெரியும்.

உரிமம் பெற்ற மொத்த விற்பனையாளரிடம் பில்லோடு அன்றி எதையும் வாங்காதீர்கள். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓர் இருமல் மருந்தால் இறந்தனர். கோல்ட்ரிஃப் என்னும் அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎதிலீன் கிளைகால் என்னும் நச்சுப்பொருள் அதில் கலந்திருந்ததை நம் மாநிலத்து ஆய்வே உறுதி செய்தது. இத்தகைய செய்தி வரும் நாளில், அந்தத் தொகுதி எண் நம் கடைக்கு வந்ததா, யாருக்கு விற்றோம் என்று சில நிமிடங்களில் சொல்ல இயல வேண்டும். பில் என்பது வரிக்காக மட்டும் வைக்கும் தாள் அன்று. ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போகும் வழி அது.

மலையிலிருந்து வருகிறவர்

கல்வராயன்மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சிறுதானியமும் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுபவர்கள். பேருந்துக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை விட்டு, கடைக்கு வருகிறார்கள். "உடம்பெல்லாம் வலிக்குதுங்க, ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்கிறார்கள். செட் என்பது என்ன? அட்டையிலிருந்து பிரித்த நான்கைந்து மாத்திரைகளை ஒரு தாளில் மடித்துத் தருவது. அதனுள் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் வலி மாயமாய் மறையும். நாள்பட உண்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், நோய்த்தொற்று உள்ளே மறைந்து வளரும். பெயர் இல்லை, தேதி இல்லை, பில்லும் இல்லை. நல்ல இலாபம் தரும் இந்தச் செட்டை நான் தரமாட்டேன் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். போகட்டும். பாராசிட்டமால் எதற்கு, எத்தனை வேளை, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பி வருவார்கள்; உறவினரையும் அழைத்து வருவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். காசநோய்க்கு அங்கே சோதனையும் மருந்தும் இலவசம். தொடர் மாத்திரைக்குப் பணமின்றித் தயங்கும் மூதாட்டியிடம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டுக்கே வரும் என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை குறையும். அந்தக் குடும்பத்தின் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் உங்கள் கடையே கடையாகும். இன்சுலின் வாங்குபவருக்கு, பனிக்கட்டியோடு நேரே ஒட்டாதபடி பொதிந்து கொடுங்கள். மலைவீட்டில் குளிர்பதனப் பெட்டி இராது. பயன்பாட்டிலுள்ள குப்பியை வெயில் படாத இடத்தில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைக்கவும், எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும் சொல்லுங்கள். இதைக் கைப்பேசிச் செயலி சொல்லித் தருவதில்லை. நம் போட்டி வலிமை இங்கேதான் இருக்கிறது.

மருந்துச் சீட்டின்றி வலி மாத்திரைகளையும் உறக்க மாத்திரைகளையும் அட்டை அட்டையாகக் கேட்டு இளைஞர்கள் வருவார்கள். சொன்ன விலைக்கு மேலும் தருவார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். எச்1 அட்டவணை மருந்துகளுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும் என்பது சட்டம். அப்பதிவேடு உங்களுக்குச் சுமை போலத் தோன்றும். 'முடியாது' என்று சொல்ல அதுவே துணை நிற்கும்.

சுவரில் மாட்டிய சான்றிதழ்

இப்போது, முதலில் ஒத்திவைத்த வினாவுக்கு வருகிறேன். மேற்சொன்ன ஒவ்வொரு செயலும் கற்ற ஒருவர் அங்கே நிற்பதால் நடப்பது. மருத்துவர் எழுதிய அளவு குழந்தைக்கு மிகுதி என்று கண்டு தொலைபேசியில் கேட்பவர் அவர். எழுதிய மருந்து இல்லாதபோது தாமாக வேறொன்றை மாற்றித் தராமல் மருத்துவரைக் கேட்பவர் அவர். 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் மருந்துச் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையை அவருக்கே தந்திருப்பது இதனால்தான். சான்றிதழ் மட்டும் சுவரில் இருந்து, ஆள் சென்னையில் இருந்தால், அந்தக் கடையில் தவறாகப் போகும் ஒவ்வொரு மாத்திரையும் அவர் பெயரில் போகிறது. வாடகையாக வரும் சில ஆயிரங்கள் அப்பழியின் விலை.

தத்துவார்த்த சூத்திரம் அசௌரிய அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. களவுக்குத் தூண்டுதல், களவுப்பொருளை ஏற்றல், அரசின் நெறிக்கு மாறாக நடத்தல், அளவையைக் கூட்டியும் குறைத்தும் ஏய்த்தல், போலியை மெய்ப்பொருளாக விற்றல் என்பன அவை. மருந்துக் கடைக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். பில்லில்லாச் சரக்கு, விற்பனைக்கு வந்த இலவச மாதிரிகள், சீட்டின்றித் தரும் மருந்து, பெயரில்லாச் செட், போலி மருந்து என ஐந்தும் நேரே வந்து நிற்கும். ஆளில்லாக் கடையில் தொங்கும் சான்றிதழ் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் சேரும். கடை நடத்துவோர்க்குப் புதிய நன்னடத்தை விதி வேண்டுவதில்லை.

இளையோரே, முதல் இரண்டாண்டுகள் கடினமாக இருக்கும். தனியே முதல் திரட்ட இயலாதவர் இருவராகச் சேருங்கள். இருவரும் மருந்தாளுநர் என்றால் காலையிலும் மாலையிலும் கடையில் கற்றவர் ஒருவர் எப்போதும் இருப்பார். தொடங்குமுன் ஓராண்டு நல்ல கடை ஒன்றில் சம்பளத்துக்கு நின்று கொள்முதலைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரியோர்களே, பிள்ளைகளுக்குக் கடைக்கு முதல் கொடுக்கும்போது ஆறு மாத வாடகையையும் சேர்த்துக் கொடுங்கள். அவசரத்தில் இருப்பவனே முதலில் நெறி தவறுகிறான். திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் அப்பாண்டைநாதரை வணங்கி இறங்கும்போது நம் கண்ணில் படும் ஊர்கள் பலவற்றில், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்து சொல்ல நம்பகமான ஒருவர் இல்லை. அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.