புகார் வந்த கம்பெனிக்கு விருது கொடுங்கள்



இந்த விழாவின் அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே ‘வாழ்த்துரை’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வெளிமாநிலத்தவர் என்று பலதரப்பட்டவர்களுக்கும் இடம் கொடுத்ததற்காக நம் பக்கத்துப் பனியன் கம்பெனி ஒன்று விருது வாங்கியிருக்கிறது. மனதார வாழ்த்துகிறேன். ஆனால் இந்தத் திருமுருகன்பூண்டி வாழ்த்துப் பாட்டால் பேர் வாங்கிய ஊர் இல்லைங்க. வசைப்பாட்டால் பேர் வாங்கிய ஊர்.

சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னையும் மணியையும் எடுத்துக்கொண்டு சுந்தரர் இந்த வழியாகத் திருவாரூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேடுவர்கள் மறித்துப் பறித்துக்கொண்டார்கள். அவர் என்ன செய்தார்? நேராகக் கோயிலுக்கு வந்து சிவனையே கேட்டார். வழிப்போக்கரை அடித்துப் பிடுங்குகிற இந்த ஊரில் உமக்கு என்ன வேலை, எதற்காக இங்கே குடியிருக்கிறீர் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை, அதில் வேடுவர் பறிப்பது பொன்னை அல்ல, உடுத்தியிருக்கிற துணியை! துணிக்கும் நம்ம ஊருக்கும் அன்றைக்கே சம்பந்தம் இருந்திருக்கிறது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. இவனை வேலையை விட்டு நிறுத்து என்று சொல்லவில்லை. பறிபோனதெல்லாம் திரும்பி வந்தது என்கிறார் சேக்கிழார்.

புகார் சொன்னவருக்குப் பொருள் திரும்பக் கிடைத்த தலம் இது. அதனால் இங்கே நின்றுகொண்டு வெறும் வாழ்த்துரை மட்டும் வாசித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

இந்த மாதிரி விருதுகள் நல்லவைதான். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபடும் என்.சி.பி.இ.டி.பி. என்ற தேசிய அமைப்பு, அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களைப் பாராட்டி 1999 முதல் ஹெலன் கெல்லர் விருது வழங்கி வருகிறது. நம் மாநில அரசும் சுதந்திர தின விழாவில், மாற்றுத்திறனாளிகளை அதிகம் பணியமர்த்திய தனியார் நிறுவனத்துக்கு விருது கொடுக்கிறது. நாளிதழில் படம் வருகிறது. அதைப் பார்த்து இன்னொரு முதலாளி, நாமும் நான்கு பேரை எடுத்தால் என்ன என்று நினைக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கம்மா செக்கிங் டேபிளில் நின்றவர். எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. விருதையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?

விருதுக்கான படிவத்தில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரிய நகரத்துக் கம்பெனிகள் அதை நிரப்பக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை. திருப்பூர் வட்டாரத்துப் பனியன் தொழிலில் சுமார் 6 லட்சம் பேர், அதில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. தலையை எண்ணித்தான் விருது என்றால் இங்கே சந்துக்குள் பவர் டேபிள் போட்டு நடத்துகிறவருக்கும் ஒரு கேடயம் கொடுக்க வேண்டும்.

இந்தப் பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? ஒரு காலத்தில் பனியன் கம்பெனி என்றால் ஆம்பளைகளின் இடம். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பட்டினி ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஏற்றுமதி வளர்ந்தது, கான்ட்ராக்டும் பீஸ் ரேட்டும் ஜாப் ஒர்க்கும் பெருகின, பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சமத்துவம் பேசி யாரும் அவர்களை அழைத்து வரவில்லை. கூலி குறைவு, சங்கத்தில் சேர மாட்டார்கள் என்ற கணக்குதான் கதவைத் திறந்தது. நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துச் சிறுமிகளை ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கியதையும், கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டியதையும் 2011இல் நெதர்லாந்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர்கள் அறிக்கை போட்ட பிறகுதான் வெளிநாட்டுப் பையர்களுக்குக் காது கேட்டது. அந்த மில்களிலும் பெண்கள் சதவீதம் அமோகமாகத்தான் இருந்தது!

சரி, வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள்? கட்டிங் மாஸ்டர் யார்? ஆண். கைமடிப்பது, டேமேஜ் பார்ப்பது, அடுக்கிக் கட்டுவது யார்? பெண். கூலி ஒப்பந்தத்தில் அந்த வேலைக்கு ஒரு ரேட், இந்த வேலைக்கு ஒரு ரேட். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் சட்டம் எந்தக் கதவைத் தட்டும்? பத்து வருஷம் ஹெல்பராக இருந்த பெண் எத்தனை பேர் லைன் சூப்பர்வைசர் ஆனார்கள் என்று எந்தப் படிவமாவது கேட்கிறதா?

குழந்தைகள் காப்பகம் வைத்திருக்கிறோம் என்று விருது மலரில் கலர் படம் போட்டிருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில்கூட பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டியதற்காக போலீஸ்காரர் மாலை போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோல இதையும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அடுத்தது வெளிமாநிலத்தவர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று எத்தனையோ ஊர் ஆட்கள் இன்றைக்கு நம் மெஷின்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் நடந்ததை மறந்துவிட்டோமா? தமிழ்நாட்டில் வடவர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பையன்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி நேரில் விசாரித்தது. நம் காவல்துறை இந்தியில் பேச உதவி எண் கொடுத்தது. ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள். பத்து வருஷமாகப் பக்கத்து மெஷினில் இருந்தவன் என்ன மொழி பேசுகிறான் என்று பல பேர் அந்த வாரம்தான் விசாரித்தார்கள்.

சுந்தரர் தம்மை மறித்தவர்களை வடுகர் என்கிறார். வடக்கேயிருந்து வந்த, கடுமொழி பேசுகிற அந்நியர்கள் அவர்கள். ஆனால் கதைப்படி அவர்கள் யார்? சிவனுடைய சொந்தப் பூதகணங்கள். வேற்று மொழிக்காரனைக் கள்ளன் என்று பார்ப்பதும், பிறகு பார்த்தால் அவன் வீட்டு ஆளாகவே இருப்பதும் இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

அந்த வாரத்துப் பதற்றம் அடங்கிய பிறகு என்ன மாறியது? தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது என்ற அறிவிப்பு ஒடியாவில் இருக்கிறதா? உள்ளகக் குழுவில் இந்தி தெரிந்த ஒரு பெண் இருக்கிறாரா? காது கேளாத டைலரை வேலைக்கு எடுத்துப் படம் பிடித்தீர்கள், ரொம்ப சந்தோஷம். அபாய மணி அடித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டாமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. நம் கம்பெனிகளில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றிரண்டு வகைதான், அதுவும் உட்கார்ந்து வேகமாகத் தைக்க முடிகிறவர்கள் மட்டும்.

சான்றிதழை நம்பி ஏமாந்த கதை உலகத்தில் இருக்கிறது. கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 என்ற பெருமைக்குரிய சான்றிதழ் கிடைத்தது. அடுத்த மாதம் 11ஆம் தேதி தீப்பிடித்து 250 பேருக்கு மேல் உள்ளேயே கருகினார்கள். சான்றிதழ் கொடுத்தவர்கள் ஆவணத்தைப் பார்த்திருப்பார்கள். பூட்டிய கதவைப் பற்றி அங்கே வேலை செய்தவர்களிடம் பயமில்லாத இடத்தில் வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நம் ஊரிலும் ஆடிட் நாள் என்றால் என்ன நடக்கும் என்று, ஷிப்ட் முடித்த கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளுக்குத் தெரியும். பாத்ரூமில் சோப்பு வரும். “கேட்டா எட்டு மணி நேரந்தான்னு சொல்லோணும் அம்மணி” என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார். “செரிங்கண்ணா” என்று அவர்களும் சொல்வார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இருட்டில் பஸ் ஏறும்போது அந்தப் பதிலை நினைத்துச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்காதீங்க அக்கா, முதலாளி பார்க்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் பக்கம், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் தொழிற்சாலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். தொந்தரவு பல மாதமாக நடந்தது என்று குடும்பத்தாரும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். இதெல்லாம் சர்வதேசப் பிராண்டுகளுக்குத் தைக்கிற, ஆடிட்டுகள் வந்து போகிற இடத்தில்.

வழக்கமாக இதற்குப் பிறகு என்ன நடக்கும்? பையர் ஆர்டரை நிறுத்துவார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார், பெண்கள் வேலையிழப்பார்கள். இங்கே அப்படி விடவில்லை. தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாப்பிடியாக நின்றது. ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தொழிலாளர் அமைப்புகள் கூட நின்றன. 2022 ஏப்ரலில் கம்பெனியும் சங்கமும் கையெழுத்துப் போட்டன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமெங்கும் பேர். கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டர் பாதிக்கும் என்ற கடிவாளம் அதில் இருக்கிறது. ஆலோசனை, அறிவுரை என்று வழுக்கிப் போகிற வார்த்தைகளுக்கு அங்கே இடமில்லை.

லைனில் தைக்கிற பெண்களிலிருந்தே சங்கம் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினால், பாத்ரூம் போக விடாவிட்டால், பக்கத்தில் வந்து உரசினால், அந்த அக்காவிடம் சொன்னால் போதும். முதல் ஆண்டு அறிக்கைப்படி வந்த புகார்கள் 185. அதில் 98 சதவீதம் தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்.

நம் முதலாளிகள் பலர் 185 என்ற எண்ணைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். எங்க கம்பெனியில் போன வருஷம் புகாரே இல்லீங்க என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அவர்கள். புகார்ப் பெட்டி காலியாக இருக்கிறதென்றால் தப்பு நடக்கவில்லை என்றும் இருக்கலாம், பெட்டிக்கு நேராக கேமரா மாட்டியிருக்கிறது என்றும் இருக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடத்தில் ஒரு வருஷம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. 185 முறை ஒரு பெண் வாயைத் திறந்தும் வேலை போகவில்லை என்றால், அந்த இடத்துக்குத்தான் நான் என் தங்கச்சியை அனுப்புவேன்.

இதில் முதலாளிக்கு லாபம் இல்லையா என்றால், இருக்கிறது. 2022 ஜூலைக் கடைசியில் அமெரிக்கச் சுங்கத்துறை அதே நாச்சி அப்பேரலின் சரக்கைக் கட்டாய உழைப்புச் சந்தேகத்தில் தடுத்தது. செப்டம்பர் முதல் வாரத்திலேயே தடை விலகியது. இந்த மாதிரித் தடைகள் வருஷக்கணக்கில் கிடக்கும். இங்கே திருத்தம் நடக்கிறது என்று காட்டக் கையில் ஆதாரம் இருந்தது, பேசுவதற்குச் சங்கம் இருந்தது.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு சங்கதி. பால், இடம்பெயர்வு இவற்றோடு சாதியையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கம்பெனி விருதுகளின் படிவங்களில் வானவில்லின் எல்லா நிறத்துக்கும் கட்டம் இருக்கும். சாதிக்கு இருக்காது. வெள்ளைக்காரன் வரைந்த படிவம், அவனுக்குத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். அதை நிரப்புகிற நமக்குமா தெரியாது? வேலைக்கு எடுக்கும்போது “எந்த ஊரு கண்ணு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்” என்று கேட்கிற கேள்வி எதற்கு என்று கொங்குநாட்டில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பகம் எங்கே, சாய்தளம் எங்கே என்று கேட்கிற அதே பையர்தான் பீஸுக்கு ஐந்து சென்ட் குறை என்கிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது, அந்தச் சுமையை நீங்களும் தாங்குங்கள் என்று தள்ளுபடி கேட்ட பிராண்டுகளின் வலைத்தளத்திலும் பன்முகத்தன்மை பற்றி அழகான பக்கங்கள் இருக்கும். அவர்களையும் கையெழுத்துப் போட வைத்ததுதான் திண்டுக்கல் பெண்களின் கெட்டிக்காரத்தனம்.

ஆகவே நடுவர் குழுவுக்கு என் வேண்டுகோள். அடுத்த வருஷம் படிவத்தில் கட்டங்களை மாற்றுங்கள். எத்தனை புகார் வந்தது, எத்தனை நாளில் தீர்த்தீர்கள், புகார் சொன்னவர்களில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அதிகப் புகார் வாங்கி அதிகம் தீர்த்தவருக்கு முதல் பரிசு கொடுங்கள். ஆய்வுக்கு வருவதாக முன்கூட்டி மெயில் போடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வெளியே வருகிற நேரத்தில் அவிநாசி ரோட்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள்.

விருது வாங்கிய கம்பெனியிலிருந்து வந்திருக்கும் அக்காமாரில் ஒருவரை இப்போது மேடைக்கு அழைத்துப் பேசச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று அமைப்பாளர் என் காதில் சொன்னார். நான் அழைக்கப் போவதில்லை. முதலாளி முன்வரிசையில் இருக்கும்போது மைக்கைக் கொடுத்து உண்மையைச் சொல்லும்மா என்பது கொடுமை. வெளியே டீயும் வடையும் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். நடுவர் குழுவினர் எழுந்து அங்கே போய் அவர்களோடு நிற்கட்டும். முதலாளி ஐயா, கோபித்துக்கொள்ளாமல் நீங்கள் மட்டும் மேடைக்கு வந்து அரை மணி நேரம் எங்களோடு இருக்க வேண்டும். உங்கள் டீ இங்கேயே வரும்.