பாதுகாக்கப்பட்ட குடிநீர்



ஊருக்குக் குழாய் வந்துவிட்டால் நீரினால் வரும் நோய்கள் ஒழிந்தன என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கிணற்று நீரையும் ஆற்று ஊற்றின் நீரையும் ஐயத்தோடு நோக்கும் நாம், குழாயைத் திருகியவுடன் பாயும் நீரை ஐயமின்றிப் பருகுகிறோம். அது தெளிவாக இருக்கிறது. அரசாங்கத்தின் கை வழியாக வருகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்? இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, கேரள எல்லையிலுள்ள முதலமடை என்னும் ஊரை முன்னிறுத்தி இன்று ஆராய்வோம்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஆலமரங்கள் நிழல் பரப்பி நிற்கும் சிறியதொரு நிலையம் முதலமடை. திரைப்படம் எடுப்போர் நாடி வரும் எழில் அதற்கு உண்டு. மாம்பழ வாணிகத்தில் இவ்வூரின் பெயரை அறியாதவர் இலர். பிற இடங்களில் மா பூத்திருக்கும் காலத்திலேயே இங்கிருந்து காய்கள் சந்தைக்குப் புறப்பட்டுவிடும். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயை ஒட்டிய இந்தக் கிழக்குப் பகுதி, கேரளத்தின் பிற பகுதிகளைப் போல மழை செழித்த நிலமன்று.

வியப்பு யாதெனில், வரைபடத்தில் நோக்கினால் நீருக்குப் பஞ்சமே இருக்கக்கூடாத ஊராட்சி இது. பறம்பிக்குளம் காடும் அங்குள்ள அணைகளும் இதன் எல்லைக்குள் அடங்கியவை. ஆயினும் அந்நீர் 1970ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கையெழுத்தான இரு மாநில உடன்பாட்டின்படி தமிழ்நாட்டின் வயல்களை நோக்கிப் பாய்கிறது. அதற்கு ஈடாக மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 725 கோடி கன அடி நீர் கேரளத்தின் சித்தூர்ப் புழைக்கு விடப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ஊருக்கு அண்மையில் மீன்கரை, சுள்ளியாறு என இரு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. குழாய்நீருக்கு மூலம் மீன்கரை நீர்த்தேக்கமே.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை கூற நேயர்கள் அனுமதிக்க வேண்டும். மொழிபெயர்ப்பே நமது தொழிலாதலின் இது தவிர்க்க முடியாதது. முதலமடையின் பெயர்ப்பலகைகளில் 'குடிவெள்ளம்' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். எல்லைக்கு இப்பால் வெள்ளம் என்றால் ஊரை அடித்துச் செல்லும் பெருக்கு. அப்பால் அதுவே தாகம் தீர்க்கும் தண்ணீர். இது வேடிக்கையான வேற்றுமை. இதனால் யாருக்கும் தீங்கில்லை. தமிழில் அரசாங்கம் வழங்கும் தொடரோ சற்றே சிந்திக்கத் தக்கது. 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்கிறோம். பாதுகாக்கப்பட்டது என்பது இறந்த காலம். வேலை முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. எங்கே பாதுகாத்தார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தில். அங்கிருந்து பல கல் தொலைவு கடந்து வந்த நீர் இன்னும் பாதுகாப்பாக இருக்கிறதா என்ற கேள்வியை அந்தத் தொடர் எழுப்புவதே இல்லை.

அந்தக் கேள்வியை எழுப்பாததனால் விளையக்கூடிய கேடுகளைச் சொல்லும் முன்னர், நிலையத்திலேயே பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டுத் தலைநகரின் அனுபவம் ஒன்றைக் காண்போம்.

1955ஆம் ஆண்டின் இறுதி. தில்லி நகருக்கு யமுனை நீரை எடுக்கும் இடம் வஜீராபாத். அதற்குக் கீழே சிறிது தொலைவில் நஜப்கட் கால்வாய் நகரத்தின் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஆற்றில் கலக்கிறது. வெள்ளத்திற்குப் பின் ஆற்றின் போக்கு மாறியதால், கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய சாக்கடை மேல்நோக்கித் திரும்பி, நீர் எடுக்கும் வாயிலையே அடைந்தது. நிலையத்தில் பணியாற்றியவர்கள் கைகட்டி நிற்கவில்லை. குளோரின் அளவை உயர்த்தினார்கள். அதனால் டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆபத்து நீங்கியது என்றே தோன்றியது. ஆனால் சில வாரங்கள் கழித்து, டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், நகரெங்கும் மஞ்சட்காமாலை பரவிற்று. சுமார் 29,000 பேருக்குக் கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்ததாகக் கணக்கிடப்பட்டது. பாக்டீரியாவைக் கொன்ற குளோரின், கலங்கிய நீரில் மறைந்திருந்த வைரஸை விட்டுவிட்டது. அந்த நோய் பிற்காலத்தில் மஞ்சட்காமாலை 'ஈ' வகை என்று இனங்காணப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு அது பெரிதும் கொடியது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. குளோரின் மந்திரமன்று, முதலில் படிகாரமிட்டுக் கலங்கலைப் படியவைத்து, மணலில் வடிகட்டிய நீரில்தான் அது தன் வேலையை முழுமையாகச் செய்யும். மற்றொன்று, இன்று குடித்த நீரின் கேட்டை நாம் ஐந்து ஆறு வாரங்கள் கழித்தே அறிய நேரலாம். அதற்குள் எந்த நீர், எந்த நாள் என்பதெல்லாம் மறந்துபோகும்.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மஞ்சட்காமாலை 'ஏ' வகையால் துன்புற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குழாய்நீர் வழங்கலின் மீதே ஐயம் எழுந்து, விசாரணைக்கு உத்தரவாயிற்று.

இனிக் குழாய்க்கு வருவோம். சிறிய ஊர்களில் பெரும்பாலும் நாள் முழுதும் நீர் விடுவதில்லை. சில மணி நேரம் விடுவார்கள், பிறகு அடைத்துவிடுவார்கள். கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். நீர் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்போது குழாயில் ஓட்டை இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி, வெளியிலுள்ளது உள்ளே புகாது. அடைத்த பின்னரோ நிலைமை தலைகீழ். வெறுமையான குழாய், தாழ்ந்த இடத்தை நோக்கி எஞ்சிய நீர் வடியும்போது, ஒரு புட்டியை உறிஞ்சினாற்போல வெற்றிடத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அப்போது விரிசலைச் சூழ்ந்து நிற்கும் சேறும் சாக்கடையும் உள்ளே இழுக்கப்படும். குழாய் சாக்கடையை ஒட்டியோ அதற்குள்ளேயோ செல்லும் தெருக்களை நாம் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறோம்! மறுநாள் திறந்தவுடன் வரும் முதல் இரண்டு குடம் கலங்கலாக இருப்பதன் காரணம் இதுவே. அதனைச் செடிக்கு ஊற்றும் பாட்டிமார் இக்காரணம் அறியாமலே சரியானதைச் செய்கிறார்கள்.

குழாயில் நேரே மோட்டாரை இணைத்து நீரை உறிஞ்சும் வழக்கம் இதனினும் கேடானது. தெருவில் ஒரு வீட்டார் அவ்வாறு செய்தால், அண்டை வீட்டாருக்கு நீர் குறைவது மட்டுமன்று. மோட்டார் இழுக்கும் வெற்றிடத்தில் தெருவின் அழுக்கு அனைவருக்கும் பங்கிடப்படுகிறது. இதனைக் குற்றமாக்கும் விதிகள் உண்டு. விதிகளைக் காட்டிலும் அண்டை வீட்டாரின் கண்காணிப்பே பயன் தரும் என்பது நமது அபிப்பிராயம்.

இப்படி வழியில் புகும் அழுக்கை எதிர்கொள்வதற்காகத்தான், நீரில் குளோரின் சிறிதளவு எஞ்சியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். இந்தியத் தரநிர்ணய அமைப்பு 2012இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி, நுகர்வோரை அடையும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சு குளோரின் இருத்தல் வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றேனும் காணப்படலாகாது. நீர் குழாயின் நெடுக ஓடும்போது குளோரின் குறைந்துகொண்டே போகும். நிலையத்தின் வாயிலில் நிறைவாக இருந்து, கடைசித் தெருவில் இல்லாமல் போவது இயல்பு. ஆகவே ஓர் ஊரின் நீர் தீங்கற்றதா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் நிலையமன்று, தலைக்குழாயன்று, கடைக்கோடிக் குழாய். குளோரினின் மணம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்போர், அந்த மெல்லிய மணமே காவற்காரன் விழித்திருப்பதன் அடையாளம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

கேரளத்தில் இதற்கு வீட்டளவில் ஒரு மாற்று இருந்துவருகிறது. சீரகமோ பதிமுகமோ இட்டுக் கொதிக்க வைத்த நீரை வீடுகளிலும் உணவகங்களிலும் அருந்துவார்கள். மெச்சத் தக்க வழக்கம்! குமிழி பொங்கக் கொதித்து ஒரு நிமிடம் நின்ற நீரில் கிருமி பிழைக்காது. ஆனால் விருந்தினர் அவசரப்படுகிறார் என்று அந்தக் கொதிநீரில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீரைக் கலந்து இளஞ்சூடாகக் கொடுக்கும் வழக்கமும் உடன் வளர்ந்திருக்கிறது. நிறம் இளஞ்சிவப்பாக இருப்பதால் குடிப்பவருக்கு ஐயமே தோன்றாது. கொதிக்க வைத்ததன் பயன் முழுதும் அந்த ஒரு செம்பில் அழிந்துவிடுகிறது. கொதித்த நீர் தானே ஆற வேண்டும். வாய் குறுகிய பாத்திரத்தில், மூடியிட்டு, கை படாமல் முகந்தெடுக்க வேண்டும்.

கொதிக்க வைத்தாலும் போகாத கேடுகள் சில உண்டு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுதியாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடையாதாயின் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேற்பட்டால் குழந்தைகளின் பற்களில் கறை விழும், நாளடைவில் எலும்பும் கெடும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிக் குறையுமே தவிர, புளோரைடு போகாது. பூச்சிமருந்தும் அவ்வாறே. முதலமடையின் மாந்தோப்புகளில் எண்டோசல்பான் தெளித்ததைப் பற்றியும், அங்குள்ள குழந்தைகளின் உடல்நலத்தைப் பற்றியும் பல்லாண்டுகள் கவலை தெரிவிக்கப்பட்டு வந்தது. உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அந்த மருந்தை நாடு முழுவதும் தடுத்து உத்தரவிட்டது. ஒரு மருந்து போனால் வேறு மருந்து வருகிறது. தோப்பில் தெளித்தது மழையில் கரைந்து தாழ்ந்த இடத்துக்குத்தான் வரும். நீர்த்தேக்கமும் தாழ்ந்த இடமே. ஆதலால் தெளிப்புக் காலத்தை அடுத்து வரும் முதல் மழையின்போது, கிருமிச் சோதனையோடு நில்லாமல் பூச்சிமருந்துச் சோதனையும் செய்வது அவ்வூருக்குத் தனித்த தேவை.

நீர் கெட்டதை முதலில் உணர்வது ஆய்வுக்கூடம் அன்று என்பதற்கு அண்டை ஊராட்சியான பெருமாட்டியில் உள்ள பிளாச்சிமடை சான்று. அங்கே 2000ஆம் ஆண்டில் கோக்கோ கோலா நிறுவனம் பானத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. சுற்றியுள்ள கிணறுகளின் நீர் சமையலுக்கு ஒவ்வவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று முதலில் முறையிட்டவர்கள் குடம் சுமக்கும் பெண்கள். 2002 ஏப்ரல் 22இல் ஆதிவாசி மக்கள் போராட்டம் தொடங்கினர். மயிலம்மா அதன் முன்னணியில் நின்றார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நீரைப் பற்றிய பெண்களின் சொல்லை எழுதிக்கொள்ள ஓர் அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால், அந்த வழக்கின் போக்கே வேறாயிருக்கும்.

கடைக்கோடிக் குழாய் என்று கூறினோம். அது தூரத்தை மட்டும் குறிப்பதன்று. முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், பொதுக்குழாயில் தங்களுக்கு வேற்றுமை காட்டப்படுவதாகச் சக்கிலியர் சமூகத்தார் 2017ஆம் ஆண்டில் புகார் கூறியது நாளிதழ்களில் வெளிவந்தது. சமநிலையில் குழாயை அணுக முடியாதவர், நீர் நின்றுபோகும் நேரத்தில் வரும் மெலிந்த ஒழுக்கையே பிடிக்க வேண்டியிருக்கும். அல்லது குழாயைக் கைவிட்டு வேறு நீரைத் தேட வேண்டியிருக்கும். அழுத்தம் குறைந்த நீரே அழுக்கு மிகுந்த நீர் என்று மேலே கண்டோம். எனவே குழாயடியில் காட்டப்படும் வேற்றுமை மானத்தை மட்டும் பாதிப்பதன்று. நேரே நோயாக மாறக்கூடியது. ஓர் ஊரின் சுகாதாரக் கணக்கில் இதற்கென ஒரு பத்தி ஒதுக்காதவர்கள் கணக்கையே எழுதவில்லை என்போம்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தர ஏற்பாடு செய்தது. குளோரினைக் காண்பதற்கு ஒரு சிறு குழலில் நீரை எடுத்து, மருந்தைச் சேர்த்து, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். சில நிமிட வேலை. நீர் திறந்த நாளில் மூன்று இடங்களில் இதனைச் செய்யலாம்: மேல்நிலைத் தொட்டியை அடுத்த குழாய், ஊர் நடுவே ஒன்று, கோடியிலுள்ள காலனியின் கடைசிக் குழாய். மூன்றாவது இடத்தில் 0.2க்குக் கீழே இறங்கினால், நடுக்குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் இடைப்பட்ட பாதையை அன்றே நடந்து பார்த்துக் கசிவைத் தேட வேண்டும். அதுவரை அத்தெருவினர் நீரைக் கொதிக்க வைத்தே அருந்தும்படி அறிவிக்க வேண்டும். கிணறு இருப்பின் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கலந்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் பயன்படுத்தலாம்.

அன்றன்று கண்ட அளவைக் குழாயடியிலேயே ஒரு கரும்பலகையில், தேதியோடு, மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைக்கலாம். வாசகம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'இன்று காலை, இக்குழாயில்' என்று தொடங்கி, எண் ஒன்றை இட்டால் போதும். அதனை மொழிபெயர்ப்பதற்கு எம்மைப் போன்றவர்களின் உதவியும் தேவைப்படாது.