முடிந்ததும் நிறைந்ததும்



என் பழைய மாணவன் ஒருவன் மடிக்கணினியும் கையுமாக வாடிய முகத்துடன் என் இல்லத்திற்கு வந்தான். “ஐயா, பைத்தான் மொழியின் புதிய பதிப்பை மூலநிரலிலிருந்தே உருவாக்கினேன். தடையின்றி முடிந்தது. ஆயினும், இணையத்திலிருந்து ஒரு பொதியைக்கூடப் பெற இயலவில்லை. இக்கல்வி எனக்கு வாராது போலும்” என்றான்.

கணினி அறிவில் அவன் என்னினும் மூத்தவன். எனக்கோ விடைத்தாள் திருத்திப் பழகிய கண் உண்டு. “தம்பி, அது முடிந்தபோது திரையில் தோன்றியவற்றைக் காட்டு” என்றேன்.

பைத்தான், கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி. லினக்ஸ் கணினியில் அதனை உருவாக்குவோர் முதலில் ‘கான்ஃபிகர்’ என்னும் நிரலை இயக்குவர். தேவையானவை கணினியில் உள்ளனவா என்று அது சோதிக்கும். பின்னர் ‘மேக்’ என்னும் கட்டளை மொழியைக் கட்டும். பாதுகாப்பான இணைய இணைப்பிற்குப் பைத்தான் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகத்தைச் சார்ந்துள்ளது. அது கிட்டாவிடில் பணி நின்றுவிடாது. அப்பகுதியை மட்டும் விட்டுவிட்டு, விடுபட்டதன் பெயரை இறுதியில் அச்சிடும். அவ்வரிகள் அவன் திரையிலும் இருந்தன. அவன் படிக்கவில்லை.

“ஓபன்எஸ்எஸ்எல் என் கணினியில் உள்ளதே, ஐயா!” என்றான். உண்மைதான். பிற மென்பொருள்கள் இயங்குவதற்கு அந்நிரலகம் மட்டுமே போதும். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கோ, அதன் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். டெபியன், உபுண்டு அமைப்புகளில் அவை ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’ என்னும் தனிப்பொதியாக உள்ளன. இன்னொன்று: பைத்தான் 3.10 முதல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பே ஏற்கப்படும். பழையது இருந்தும் இல்லாததே ஆகும். சோதனையின் விவரமெல்லாம் ‘கான்ஃபிக்.லாக்’ என்னும் கோப்பில் பதிவாகியிருக்கும்.

அவன் அப்பொதியை நிறுவினான். பழைய சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு தொடராமல், ‘கான்ஃபிகர்’ தொடங்கி யாவற்றையும் மீண்டும் செய்தான். இம்முறை விடுபட்டோர் பட்டியலில் அப்பெயர் இல்லை, பொதியும் இறங்கியது.

மாணவச் செல்வங்களே, முடிந்தது வேறு, நிறைந்தது வேறு. அப்பிள்ளைக்குக் கல்வி வாராமற் போகவில்லை. இறுதிச் சில வரிகளைப் படியாமல் விட்டான், அவ்வளவே. உங்களுக்கும் இத்தகைய தடை நேரும். அப்போது உங்கள் அறிவை ஐயுறுமுன், எதிரே எழுதியிருப்பதை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள்.