பொதி பார்க்கும் கணக்கப்பிள்ளை

(உப்புவெளியில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துறைமுகத்தை அண்டி வாழும் நமக்குப் பொதியைச் சோதித்தல் புதிய செய்தியன்று. முன்னாளில் கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது சிட்டையும் கையுமாகக் கணக்கப்பிள்ளை நிற்பார். குறி சரியா, எண்ணிக்கை சரியா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் தலையசைத்த பின்னரே மூட்டை பண்டகசாலைக்குள் போகும். கணினி உலகிலும் அத்தகைய கணக்கப்பிள்ளை ஒருவர் உளர். அவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்னும் மாணவர் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தைத் தொடக்கினார். அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். இன்று அதில் 60,000க்கு மேற்பட்ட மென்பொருட் பொதிகள் உள. பல நாட்டுத் தொண்டர்கள் அவற்றைக் கட்டி அனுப்புகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் மனம்போலக் கட்டினால் என்னாகும்? அதற்கென விதிநூல் ஒன்று உண்டு. அவ்விதிகளோடு பொதியை ஒத்துப் பார்க்க, 1998இல் கிறிஸ்டியன் ஷ்வார்ஸ், றிச்சர்ட் பிராக்மன் என்ற இருவர் லிண்டியன் என்னும் கருவியை எழுதினர். துணியிலே ஒட்டும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் லிண்ட் என்று பெயர். பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன் 1970களில் தமது பிழைகாண் கருவிக்கு அப்பெயரை இட்டார். லிண்டும் டெபியனும் கூடி லிண்டியன் ஆயிற்று.

எமது இளைஞர் சிலர், தட்டச்சுத் தாள்களாகக் கிடைத்த பழைய தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைக் கணினியில் ஏற்றிப் பொதியாக்கினர். லிண்டியனிடம் கொடுத்ததும் குற்றப்பத்திரிகை நீண்டது. இடம் மாறிக் கிடந்த கோப்புகளை அன்றிரவே சரிசெய்தோம். ஒரு குற்றம் மட்டும் நின்றது: உரிமை பற்றிய கோப்பு இல்லை. பட்டியலைத் தொகுத்தவர் யார், பிறருக்கு வழங்க அவர் இசைந்தாரா என்பது எமக்குத் தெரியாது. "யாரேனும் ஒருவர் பெயரைப் போட்டுவிடுவோமே" என்றார் நண்பர் ஒருவர். போட்டிருந்தால் கருவி வாய்மூடியிருக்கும். கோப்பு இருக்கிறதா என்று அது பார்க்குமேயன்றி, எழுதியது மெய்யா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆயினும் எமக்கு மனம் வரவில்லை.

இத்தகைய கருவியை எழுதுவதைக் காட்டிலும் பேணுவதே கடினம். விதிகள் மாறும்; அவற்றோடு கருவியும் மாறவேண்டும். நல்ல பொதியைக் குறை சொல்லும் கருவியை எவரும் மதியார். நாளடைவில் அதன் மெய்யான எச்சரிக்கையும் காதில் ஏறாது. ஆகவே, புதிய சோதனையொன்றைச் சேர்க்கும்போது, வேண்டுமென்றே பழுதாக்கிய சிறு பொதியொன்றையும் கட்டி வைப்பார்கள். அதைக் கண்டு கருவி குரல் கொடுக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியும் தவறாகக் குறை கூறினால், பொதிக்காரர் விலக்குக் குறிப்பு எழுதலாம்; காரணத்தையும் சேர்த்து எழுதுவது நல்ல வழக்கம். (நமது சங்கச் செலவுக் கணக்கிலும் இவ்வழக்கம் வந்தால் பொருளாளர் மகிழ்வார்!)

எச்சரிக்கையின் அருமையை 2024இல் உலகம் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளை நெடுங்காலம் ஒருவரே ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். ஈராண்டுக்கு மேலாக உதவியாளர் போலப் பழகிய ஒருவர் பொறுப்பைப் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பூட்டிய கணினிக்குள் நுழையக் கள்ளவழி வைத்தார். டெபியனின் வெளியீட்டுக்கு முந்திய பதிப்புகளுக்குள்ளும் அவை புகுந்துவிட்டன. விதி பார்க்கும் சோதனைகள் அவ்வஞ்சகத்தைப் பிடிக்கவில்லை. அண்ட்ரெஸ் புரொயிண்ட் என்ற பொறியியலாளர், தமது கணினியில் தொலைவிலிருந்து நுழைவது அரை விநாடி தாமதிப்பதைக் கண்டார். சில வாரங்களுக்கு முன்னர் வல்கிரிண்ட் என்னும் வேறொரு சோதனைக் கருவி விளங்காத முறைப்பாடொன்று சொன்னதும் அவர் நினைவுக்கு வந்தது. விடாமல் தோண்டினார், மார்ச் 29ஆம் திகதி உலகுக்கு அறிவித்தார். அம்முறைப்பாட்டை வீண்சத்தம் என்று அவர் மறந்திருக்கக் கூடாதா? பலர் மறந்திருப்பர்.

எமது பொதி இன்னும் வெளிவரவில்லை. தட்டச்சுத் தாள்களில் எங்கும் பெயரில்லை. அப்பட்டியலைத் தொகுத்தவரை அறிந்த பெரியவர் எவரேனும் இச்சபையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் தயைகூர்ந்து எம்மிடம் வருக. முதல் தாளைக் கொண்டு வந்திருக்கின்றோம்.