எழுதிக் கொடுக்கும் முன்



குழித்தறியில் மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்தவர்கள், சரிகை இழை பார்த்தே கண் மங்கியவர்கள், இந்தத் தாமல், காஞ்சிபுரம் பக்கத்தில் நம்மிடையே எத்தனை பேர்! தறியைவிட்டு எழுந்தால் கூலி நின்றுவிடும். மருந்துச் செலவு நிற்காது. மிஞ்சுவது வீடு ஒன்றுதான். அதையும் பாசத்தில் மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுகிறோம்.

கொடுப்பது நல்லதே. ஆனால் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவோம். சோறு, மருந்து, படுக்க இடம் எல்லாம் அதில் வரட்டும். அப்படி எழுதிய பின் பிள்ளைகள் கைவிட்டால், பெற்றோர் பராமரிப்புச் சட்டம் (2007) 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எழுதாவிட்டால் வழக்கு இழுபறிதான்.

“பெற்ற பிள்ளையிடமா நிபந்தனை?” என்று கூசுகிறோம். சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம் தாயைச் சீடரிடம் ஒப்படைத்தபோது, அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று விடவில்லை; அருகில் நின்றவர்கள் கேட்க, வாய்திறந்தே சொன்னார்.

இளையோருக்கு ஒன்று: 40 வயதுக்குள் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால், 60-க்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வரும். அந்தப் பணம் இன்று ஒரு செல்போன் ரீசார்ஜ்!

ஏற்கெனவே கைவிடப்பட்டவர்கள் ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தனியே போகத் தயக்கமா? சொல்லுங்கள், கூட வருகிறோம்.